எழுத வந்தவரின் பயம்: அன்றும் இன்றும்

வத்தலக்குண்டு எழுத்தாளர்களைப் பெற்ற ஊர். ஆனால் அவர்கள் எழுத்து அச்சேறியது சென்னையில். பி.ஆர். ராஜமய்யர் 1872-ல் அந்த ஊரில் பிறந்தார். அவருடைய ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது. பி.எஸ். ராமையா 1905-ல் அதே ஊரில் பிறந்து, பட்டணம் போய், ‘மணிக்கொடி’யைச் சிறுகதை இதழாக நடத்தினார். சி.சு. செல்லப்பா வளர்ந்தது வத்தலக்குண்டில். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியது சென்னையில். திண்டுக்கல் பக்கத்து ஆத்தூரிலிருந்து செம்பட்டி வந்து பஸ் பிடித்தால் எட்டிவிடுகிற தூரத்தில் மூன்று பெரிய பெயர்கள். மூன்று பேரும் ஒரே திசையில்தான் பஸ்ஸோ ரயிலோ ஏறவேண்டியிருந்தது.

இன்று ஆத்தூரில் எழுத ஆசைப்படுகிறவர் எங்கும் போக வேண்டியதில்லை. காமராஜர் நீர்த்தேக்கத்தின் கரையில் உட்கார்ந்து கைபேசியில் நாலு பத்தி எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால், அடுத்த நிமிடம் கனடாவில் இருக்கிற அவருடைய மச்சான் மகன் படித்துவிடுவான். ஆசிரியர் குழு இல்லை, தபால்தலை இல்லை, ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ இல்லை. எழுத வருகிறவருக்கு இதைவிட நல்ல காலம் இருக்க முடியாது என்றுதான் தோன்றும்.

ஆனால் புதிதாக வருகிறவரின் முகத்தைப் பாருங்கள். அன்று தட்டச்சுப் பள்ளியின் மாடிப்படி ஏறியவர் முகத்தில் இருந்த அதே தயக்கம்தான் இன்று கைபேசியைக் கையில் வைத்திருப்பவர் முகத்திலும் இருக்கிறது. கருவி எவ்வளவோ எளிதாகிவிட்டது. பயம் மட்டும் ஏன் போகவில்லை? அதை விளங்கிக்கொள்ளக் கருவிகளின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

புள்ளி முதலில், எழுத்து பிறகு

திண்டுக்கல்லிலும் அதைச் சுற்றிய சிற்றூர்களிலும் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை ‘டைப்பு’க்கு அனுப்புவது ஒரு தலைமுறை முழுக்க வழக்கமாக இருந்தது. காலையில் ஒரு மணி நேரம், அல்லது மாலையில் ஒரு மணி நேரம். கடைக்கு மேல் மாடியில் ஒரு நீள அறை. பத்துப் பதினைந்து ரெமிங்டன், கோத்ரெஜ் இயந்திரங்கள். எல்லாம் சேர்ந்து எழுப்பும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் ‘லோயர்’, பிறகு ‘ஹையர்’ தேறினால் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு மொழியிலும் ஹையர் என்றால் வீட்டில் மரியாதையே வேறு.

தமிழ்த் தட்டச்சுக்கு வழி செய்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா போன ஆர். முத்தையா. உயிர்மெய்யெல்லாம் சேர்த்து 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்கியாக வேண்டும். அதற்கு அவர் கண்ட வழி நகராத விசை. புள்ளியை அடித்தால் தாள் நகராது, அடுத்து மெய்யை அடித்தால் இரண்டும் ஒன்றாகப் பதியும். அதாவது ‘க்’ என்று அடிக்க, முதலில் புள்ளி, பிறகு க. கையால் எழுதும்போது நாம் செய்வதற்கு நேர் எதிர். புதிதாகச் சேர்ந்த பிள்ளை முதலில் திணறுவது இங்கேதான். மனசு ஒரு வரிசையில் எழுதும், விரல் இன்னொரு வரிசையில் அடிக்க வேண்டும். மாதக்கணக்கில் பழகிய பிறகு அது கைக்கு வந்துவிடும். வந்துவிட்டால் போகவே போகாது. அதுதான் பின்னால் பெரிய சிக்கலாயிற்று.

அந்தப் பிள்ளைகளில் கதை எழுத ஆசைப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ, தெரியாது. ஆனால் இயந்திரம் கதைக்காக அங்கே வைக்கப்படவில்லை. தாளில் வரவேண்டியது ‘பார்வை’யும் ‘பொருள்’ வரியும் ‘தங்கள் உண்மையுள்ள’வும்தான். கதை எழுதினவர்கள் முழுத்தாளை வாங்கி, ஒரு பக்கம் மட்டும் கையால் எழுதி, சுயமுகவரியிட்ட உறையும் வைத்துத் தபாலில் சேர்த்தார்கள். திரும்பி வந்தால் வேறு இதழுக்கு அனுப்பினார்கள். அன்றைய புதியவரின் பயம் தெளிவானது: வாசலில் ஓர் ஆசிரியர் இருக்கிறார், அவர் விடுவாரா மாட்டாரா என்பது. இயந்திரத்தைப் பற்றிய பயமும் எழுத்தைப் பற்றிய பயமும் அப்போது வேறு வேறு அறைகளில் இருந்தன.

எழுத்தே மாறிய காலமும் உண்டு. 1978-ல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகளுக்கு உருவம் மாறியது. அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் தன் பெட்டியறைகளைத் திருத்தி அடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் பள்ளி முடித்தவர்களில் பலர் இன்றுவரை பழைய ‘லை’யில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். மாறும் தொழில்நுட்பத்தின் முன் திகைத்து நிற்பது கணினியோடு வந்த பழக்கமில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கட்டம் கட்டமாக வந்த தமிழ்

1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். தொடங்கியது. அது பெருநகரங்களுக்கு. திண்டுக்கல் போன்ற ஊர்களில் அடுத்த சில ஆண்டுகளில்தான் எஸ்.டி.டி. பூத்துகளுக்குப் பக்கத்தில் ‘பிரவுசிங் சென்டர்’ பலகைகள் முளைத்தன. பலகைத் தடுப்பு போட்ட நாலைந்து மேசைகள், ஒரு நோட்டுப் புத்தகம், பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்து. அரை மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. சின்னாளப்பட்டியிலிருந்தும் செம்பட்டியிலிருந்தும் தேர்வு முடிவு பார்க்க வந்த பிள்ளைகள்தான் அங்கே முதல் வாடிக்கையாளர்கள்.

அந்த மேசையில் உட்கார்ந்து தமிழில் ஏதாவது படிக்கலாம் என்று நினைத்தவருக்குக் கிடைத்தது கட்டங்கள். “என்னண்ணே, எல்லாம் கட்டங்கட்டமா வருது?” “அந்த ஃபாண்ட் இந்த மெஷின்ல இல்லண்ணே.” இந்த உரையாடல் நடக்காத பிரவுசிங் சென்டரே அன்று தமிழ்நாட்டில் இருந்திருக்காது. ஒவ்வொரு இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கி நிறுவினால்தான் அதன் பக்கம் தெரியும். அடுத்த இதழுக்கு அடுத்த எழுத்துரு. ‘சாஃப்ட்வேர் எதுவும் ஏத்தக் கூடாது’ என்று சுவரில் ஒட்டியிருக்கும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உழைத்தவர்கள் பெரும்பாலும் நம்மிடமிருந்து வெகுதொலைவில் இருந்தார்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு 1998 பொங்கலில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம் என்று பலர். 1999-ல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டையொட்டி ‘தமிழ்99’ விசைப்பலகை வந்தது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்யெழுத்துகள் வலக்கையில், நாம் சொல்லும் வரிசையிலேயே அடித்துக்கொண்டு போகலாம். கணக்குப்படி மிக நல்ல விசைப்பலகை. ஆனால் தட்டச்சுப் பள்ளியில் ஹையர் தேறிய கை, புள்ளியை முதலில் தேடியது. ஆங்கில விசைகளிலேயே ‘ஏஎம்எம்ஏஏ’ என்று அடித்து ‘அம்மா’ வரவழைக்கப் பழகிய கை எதையும் தேடவில்லை. கடைசியில் வென்றது எதுவும் கற்றுக்கொள்ளாமல் வந்த கைதான். இ-கலப்பை, அழகி, பிறகு என்.எச்.எம். ரைட்டர் என்று வந்த இலவச மென்பொருள்கள் எல்லா விசைப்பலகைக்கும் இடம் கொடுத்தும், பெரும்பாலோர் ஆங்கில ஒலிபெயர்ப்பையே பிடித்துக்கொண்டார்கள். முறையாகப் பயின்றவர்தான் புதிய காலத்தில் முதலில் பின்தங்கினார். தொழில்நுட்ப மாற்றத்தில் இருக்கும் கசப்பு இது. ஒன்றும் தெரியாதவரைவிட, முந்தையதை நன்றாகத் தெரிந்தவருக்கே அது அதிகம் வலிக்கிறது.

ஒருங்குறி என்னும் யுனிகோடு குறியேற்றத்தில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தது. அது நம் ஊர்க் கணினிகளில் ஒழுங்காகத் தெரியப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. விண்டோஸ் எக்ஸ்பியில்கூட, நிறுவல் குறுந்தகட்டைப் போட்டு ஓர் அமைப்பை மாற்றினால்தான் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கும். இல்லாவிட்டால் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஒருங்குறி நிலைபெற்ற பிறகு கட்டங்கள் மறைந்தன. தமிழ் எழுத்தின் இணைய வரலாற்றில் நடந்த மிகப் பெரிய நல்ல காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் இதன்மேல் நிற்பவை.

பதிவர் என்றொரு பெயர்

பிளாகர் சேவை 1999-ல் அமெரிக்காவில் தொடங்கியது. 2003-ல் கூகுள் அதை வாங்கியது. தமிழில் வலைப்பதிவுகள் தலைகாட்டியதும் அந்த 2003-ல்தான். அடுத்த ஆண்டு காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியை உருவாக்கினார். எங்கெங்கோ எழுதப்படும் பதிவுகளை ஒரே பக்கத்தில் கொண்டுவந்து காட்டும் ஏற்பாடு. சென்னைக்கு பஸ் ஏறாமலே ஒருவர் எழுத்தாளராகப் பெயர் வாங்க முடியும் என்பது அப்போதுதான் முதன்முதலாக உண்மையாயிற்று.

அந்நாளில் புதிதாக எழுத வந்தவரின் மனநிலை சுவையானது. பெயர் வைப்பதிலேயே பாதிப் பொழுது போகும். சொந்தப் பெயரா, புனைபெயரா? அலுவலகத்தில் தெரிந்தால் என்ன சொல்வார்கள்? வார்ப்புரு என்ன நிறம்? ஓரத்தில் கடிகாரம் வைக்கலாமா? வந்தவர் எண்ணிக்கை காட்டும் கருவியை எங்கே ஒட்டுவது? முதல் பதிவில் ஏறக்குறைய எல்லோரும் வணக்கம் சொல்லி, ‘எழுதிப் பழகுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். அடுத்த நாள் முழுக்க யாராவது ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று பார்ப்பதிலேயே போகும். ‘வருக வருக, தொடர்ந்து எழுதுங்கள்’ என்று முகம் தெரியாத ஒருவர் எழுதிவிட்டால் அன்றிரவு தூக்கம் வராது. அடுத்த வாரம் பெயரில்லாத ஒருவர் வந்து வைதுவிட்டுப் போனாலும் தூக்கம் வராது.

முக்கியமான செய்தி இதுதான்: அன்றைய புதியவருக்குக் கைபிடித்துச் சொல்லித்தர ஆள் இருந்தது. நிரல் துண்டு எங்கே ஒட்டுவது, எழுத்துரு ஏன் உடைகிறது, திரட்டியில் எப்படிச் சேர்வது என்றெல்லாம் மூத்த பதிவர்கள் பாடம் பாடமாக எழுதிவைத்தார்கள். தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாலும் பொறுமையாகச் சொன்னார்கள். பழைய எழுத்துருவில் இருந்ததை ஒருங்குறிக்கு மாற்றச் சுரதா என்பவர் உருவாக்கிய ‘பொங்குதமிழ்’ மாற்றி இலவசமாகக் கிடைத்தது. 2007 ஆகஸ்டில் சென்னையில் வலைப்பதிவர் பட்டறை நடந்தது; முற்றிலும் புதியவர்கள் கணினி முன் உட்கார்ந்து அங்கேயே முதல் பதிவு போட்டார்கள். 2014-ல் மதுரையில் பதிவர்கள் கூடினார்கள், 2015-ல் புதுக்கோட்டையில் கூடினார்கள். இந்தக் கூட்டங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் இல்லத்தரசிகளும் நிறைய. எழுத்து என்பது பட்டணத்துக்குரியது என்ற நினைப்பு சென்னைக்கு வெளியே நடந்த இந்தக் கூட்டங்களில்தான் உடைந்தது.

அங்கே ஒரு பள்ளி ஆசிரியர் தன் மாணவன் வயதுப் பையனிடம் பாடம் கேட்டுக்கொண்டார். ‘தம்பி, இதை எப்படிப்பா கீழ இறக்குறது?’ என்று கேட்கும் ஐயாவுக்கும், ‘அதில்லீங்க சார், வலது பக்கம் அமுக்குங்க’ என்று சொல்லும் தம்பிக்கும் நடுவில் உண்டான உறவு நம் சமூகத்தில் அதற்கு முன் அதிகம் இல்லாதது. வயதில் மூத்தவர் வெட்கமில்லாமல் மாணவராகலாம் என்று கற்றுக்கொடுத்த பெருமை கணினிக்கு உண்டு.

பயம் இடம் மாறியது

அதன் பிறகு எல்லாம் கைபேசிக்கு வந்தது. தமிழில் குறுஞ்செய்தி அனுப்பச் ‘செல்லினம்’ 2005 பொங்கலிலேயே சிங்கப்பூரில் வெளியானது. ஆனால் நம் ஊர்க் கைகளில் இருந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் மீண்டும் பழைய கட்டங்களே தெரிந்தன. ஓப்பரா மினி உலாவியில் ஓர் அமைப்பைத் திருகினால் எழுத்தைப் படமாக மாற்றிக் காட்டும். அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துச் சமாளித்தார்கள். 2011-ல் தமிழக அரசு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, கரிசல் காட்டு வீட்டுக்கும் ஆற்றோரத் தோட்டத்து வீட்டுக்கும் முதல் கணினி வந்து சேர்ந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, மெகாபைட் கணக்குப் பார்த்துச் செலவழித்த காலம் முடிந்தது. 2017-ல் கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது.

குரல்வழித் தட்டச்சு வந்ததும் தட்டச்சுப் பள்ளியின் நெடுநாள் பயிற்சி ஒரே நாளில் தேவையற்றுப் போனதுபோல் ஆயிற்று. புள்ளி முதலிலா பிறகா என்ற கேள்வியே இல்லை. பள்ளிக்கூடமே போகாத அப்பத்தாகூடப் பேரனுக்கு வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவனுப்புகிறார். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட் விலை நிலவரம் குரலாகவே ஊருக்கு வருகிறது. எழுத்து, விசை, எழுத்துரு, குறியேற்றம் என்று ஒரு தலைமுறையை ஆட்டிவைத்த தடைகள் எல்லாம் போய்விட்டன.

அப்படியானால் இன்றைய புதியவர் எதற்குத் தயங்குகிறார்?

முதலாவது, வாசலில் இருந்த ஆசிரியர் போய்விட்டார். அவர் இடத்தில் யார் இருக்கிறார் என்று தெரியவில்லை. அன்றைக்குக் கதை திரும்பி வந்தால் இன்ன இதழ் திருப்பியது என்று தெரியும். இன்றைக்கு ஒரு கட்டுரையையோ காணொளியையோ போட்டால், ஒன்றை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், அடுத்ததை ஆறு பேர்கூடப் பார்ப்பதில்லை. எந்த எழுத்தை யாருக்குக் காட்டுவது என்பதை முடிவு செய்வது ஒரு கணக்கீடு. அது எப்படி முடிவு செய்கிறது என்பதை அதை வைத்திருக்கும் நிறுவனம் வெளியே சொல்வதில்லை. தெரிந்த ஆசிரியரிடம் தோற்பதில் ஒரு மரியாதை இருந்தது. தெரியாத கணக்கிடம் தோற்பவர் தன் எழுத்தையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார்.

இரண்டாவது, கற்றுக்கொடுக்க ஆள் குறைந்துவிட்டது. எல்லாம் எளிது என்று ஆனபிறகு ‘எனக்குத் தெரியவில்லை’ என்று கேட்கக் கூச்சம் வருகிறது. அன்று எல்லோருக்கும் கட்டம் தெரிந்தது, யாரும் வெட்கப்படவில்லை. இன்று தனக்கு மட்டும் தெரியவில்லையோ என்ற எண்ணம். 2020-ல் பெருந்தொற்று வந்து பள்ளிகள் மூடியபோது இதை ஊரே பார்த்தது. இருபது முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்று பாடம் நடத்திய ஆசிரியைகள், வீட்டுச் சமையலறையில் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, ஆளில்லாத கண்ணாடித் துண்டைப் பார்த்துப் பாடம் சொல்ல வேண்டியிருந்தது. பலருக்கு மகளோ மருமகனோதான் வாத்தியார். அந்த ஒரு வருடத்தில் அவர்கள் கற்றுக்கொண்ட அளவுக்கு வேறெந்தத் தொழில்காரரும் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. அதைப் பாராட்டியவர்கள் குறைவு.

மூன்றாவது, மாற்றத்தின் வேகம். தட்டச்சுப் பொறி மூன்று தலைமுறைக்கு ஒரே மாதிரி இருந்தது. தாத்தா கற்றதைப் பேரனும் கற்றான். இப்போது ஒன்றைக் கற்றுக் கை படிவதற்குள் அது மாறிவிடுகிறது. நேற்று இருந்த இடத்தில் இன்று பொத்தான் இல்லை. வலைப்பதிவு பழகியதும் எல்லோரும் முகநூலுக்குப் போனார்கள். முகநூல் பழகியதும் யூடியூப். காணொளி பழகியதும், அரை நிமிடத்துக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை என்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு எழுதுவதையே இயந்திரம் செய்துவிடும் என்கிறார்கள். ‘சரி, இனிமேல் நான் எதுக்கு?’ என்பதுதான் இன்றைய புதியவரின் மிகப் புதிய பயம்.

அந்தக் கடைசிப் பயத்துக்குப் பதில் சொல்வது அவ்வளவு கடினமில்லை. உலகத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டதை இயந்திரம் நன்றாகவே திரட்டித் தரும். ஆத்தூரைப் பற்றி எழுதப்பட்டது எவ்வளவு? நீர்த்தேக்கம் கட்டுவதற்கு முன் ஆறு எந்த வழியாக ஓடியது, குடகனாற்றுத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்வதில் ஊர்களுக்குள் என்ன பேச்சு இருந்தது, எந்த வாய்க்கால் எந்தக் குளத்தை நிரப்பியது, சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்ட கைகள் இப்போது என்ன செய்கின்றன என்பதெல்லாம் மனிதர்கள் நினைவில் இருக்கின்றன. எழுத்தில் இல்லாததை எந்த இயந்திரமும் படித்திருக்க முடியாது. ஆகவே இங்கே எழுத வருகிறவருக்குத்தான் வேலை அதிகம்.

நிலைத்தது எது?

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு எழுதும் கருவியில் இல்லை, எழுத்து தங்குவதில் இருக்கிறது. ராஜமய்யர் 1898-ல் இருபத்தாறு வயதிலேயே இறந்துபோனார். அவர் எழுத்து அச்சேற ஓர் இதழும் ஓர் ஆசிரியரும் வேண்டியிருந்தது. ஆனால் அச்சேறிய பிறகு 130 ஆண்டு கழித்தும் படிக்கக் கிடைக்கிறது. செல்லப்பா ‘எழுத்து’ இதழைக் கைக்காசு போட்டு 1970 வரை நடத்தினார். புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். முதுமையில் ‘சுதந்திர தாகம்’ நாவலைத் தானே வெளியிட்டார். அவர் இறந்த பிறகு 2001-ல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வெளியே கொண்டுவருவது அன்று மலையளவு வேலை. வந்தபின் எங்காவது ஒரு நூலகத்தில் ஒரு பிரதியாவது இருக்கும்.

இன்று வெளியிடுவதற்கு ஒரு நொடி. தங்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இலவசமாகப் பக்கம் கொடுத்த யாகூவின் ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டது. வலைப்பதிவுகளைத் தொடர்ந்து படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-ல் போனது. ஆர்க்குட் 2014-ல் போனது. கூகுள் பிளஸ் 2019-ல் போனது. டிக்டாக்கை 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்தபோது, கிராமத்துப் பெண்களும் இளைஞர்களும் அதில் சேர்த்து வைத்த அத்தனையும் ஒரே இரவில் கைக்கு எட்டாமல் போயின. திரட்டிகளின் காலம் முடிந்ததும், அவற்றின் வழியே வாசகரைப் பெற்ற ஆயிரக்கணக்கான பதிவுகள் யாரும் எட்டிப் பார்க்காத இடமாயின. பலருடைய பக்கத்தில் படங்கள் மட்டும் காணாமல் போயிருக்கும். எழுதியவர் காலமாகி, தளப் பெயருக்கான கட்டணம் கட்ட ஆளில்லாமல், தளமே வேறு யாருக்கோ போயிருக்கும்.

சாவி தொலைந்து வாசலில் நிற்பவர்கள் இன்னொரு கூட்டம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெருமையே மாற்றுச் சாவிக்குத் திறக்காது என்பதுதான். கடவுச்சொல்லும் அப்படித்தான், ஆனால் பூட்டைச் செய்த ஆசாரியிடம் போய்க் கெஞ்சுவதுபோல் இங்கே யாரிடமும் போக முடியாது. பழைய தொலைபேசி எண்ணில் திறந்த கணக்கு, எண் மாறியதும் போய்விடும். ஐந்தாறு ஆண்டு எழுதிய பதிவைத் தானே திருத்த முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு மாறாகத் தங்கியவை எவை என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் இன்னும் இருக்கிறது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது. இரண்டும் விளம்பர வருமானத்தை நம்பியவை இல்லை. பலர் கூடி, யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியோடு செய்தவை. ஒருவர் விலகினாலும் இன்னொருவர் பிடித்துக்கொள்ளும்படி அமைந்தவை. பழங்காலத்தில் ஏட்டுச்சுவடி பிழைத்ததும் இதே வழியில்தான்: யாராவது பிரதி எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஆகவே அன்றையும் இன்றையும் ஒப்பிட்டு ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்று பெருமூச்சு விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்தில் ஆத்தூரில் எழுத ஆசைப்பட்டு, சுயமுகவரியிட்ட உறை திரும்பி வந்ததும் பேனாவை மூடி வைத்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. பெண்களில் எத்தனை பேர் உறையே வாங்காமல் விட்டார்கள் என்பதும் தெரியாது. இன்று அவர்களுடைய பேத்திகள் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள், படம் பிடித்துப் போடுகிறார்கள். இது லாபம்தான், சந்தேகமே வேண்டாம். லாபத்தைக் காப்பாற்றத் தெரியவில்லை என்பதுதான் குறை.

புதிதாக எழுத வருகிற ஆத்தூர், செம்பட்டி, சின்னாளப்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல என்னிடம் நாலே விஷயம் உண்டு. கருவி மாறிக்கொண்டேதான் இருக்கும். எல்லாரும் எப்போதும் புதியவரே. அதனால் தெரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள், கேட்டவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சலிக்காதீர்கள். எண்ணிக்கையைப் பார்த்து எழுதாதீர்கள். உங்கள் தெருவைப் பற்றி உங்களைத் தவிர யாரும் எழுதப் போவதில்லை. எழுதியதை இணையத்தில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். ஒரு பிரதி உங்கள் கணினியில், ஒரு பிரதி பிள்ளைகளிடம், முடிந்தால் தாளில் அச்செடுத்து ஒரு பிரதி உள்ளூர் நூலகத்தில். கடவுச்சொல்லை வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது தெரியும்படி எழுதி வையுங்கள். இந்த நாலையும் செய்ய எந்தத் தொழில்நுட்பமும் கற்க வேண்டியதில்லை. இன்றைக்கே தொடங்கலாம்.